தந்தை வழியில் யாருக்கும் இல்லை

பிப்ரவரி 4

குட்டியின் அம்மாவுக்கு,

நலம். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். குட்டியும் நலம்தான், அவனைப் பொறுத்தவரை எதை நலம் என்று சொல்லலாமோ அந்த அளவுக்கு. போன மாதம் முழுக்கத் தூங்காமல் பேசித் தீர்த்தான். இந்த மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். முப்பது வயதுப் பிள்ளையைப் பல் விளக்க வைப்பதற்குள் எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது. நீ உன் அண்ணன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாதம் ஒரு கடிதத்தில் பிள்ளை வளர்க்கிறாய்.

லிஃப்டில் ஏறமாட்டேன் என்கிறான். ஏனடா என்று கேட்டேன். "அது உங்ககிட்ட கோள் சொல்லும்பா" என்றான். சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அது ஒரு நல்ல நாள்.

நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். படிப்பு ஏழாவதோடு சரி. ஆனால் எந்த லிஃப்டும் காரணமில்லாமல் நிற்காது என்று தெரியும். மூளையும் அப்படித்தான். பழைய புத்தகக் கடையில் இதுவரை ஒன்பது மருத்துவப் புத்தகங்கள் வாங்கிவிட்டேன். மூளைக்குள் வீக்கம் இருந்தால் புத்தி தடுமாறும் என்று ஒன்றில் தெளிவாகப் போட்டிருக்கிறது. டாக்டர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதனால்தான் வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்துக் கடையில் கொடுக்கிற மாத்திரையை, காலையில் இரண்டு மாலையில் இரண்டு என்று நானே கொடுத்துவருகிறேன். பதினோரு வருடத்தில் ஒரு வேளை தவறியதில்லை. லிஃப்டுக்கு எழுதுவதுபோல அவனுக்கும் பழுது நோட்டு எழுதுகிறேன். எல்லாம் அதில் இருக்கிறது.

காரணம் எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியும். பரீட்சை சமயத்தில் ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தவர் உன் அண்ணன். ரத்தத்தில் இருப்பதை நான் என்ன செய்ய?

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படி ஏறாதே.

குட்டியின் அப்பா


பிப்ரவரி 15

குட்டியின் அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று உங்கள் அக்கா மகள் வந்தாள். தன் அம்மா இறந்த பிறகு பீரோவைக் காலி செய்தாளாம். புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே காலி மாத்திரை அட்டைகள், நாற்பத்தைந்து வருடத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். லித்தியம் என்ற மருந்தாம். அதற்கு முன்னால் உங்கள் அக்கா ஒரு மாதம் தூங்காமல் பேசுவாராம், ஒரு மாதம் எழுந்திருக்க மாட்டாராம். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒருமுறைகூட அப்படி வரவில்லை. டீச்சராக இருந்து ஓய்வுபெற்றார். மாமாவுக்கு எல்லாம் தெரியுமே, அவர்தான் அம்மாவை முதலில் டாக்டரிடம் கூட்டிப் போனது என்று சொல்லி டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

குட்டியை முதன்முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது ஒரு படிவம் தந்தார்கள். ரத்த உறவில் யாருக்காவது மனநோய் உண்டா என்று கேட்டிருந்தது. தாய் வழியில்: மாமனுக்கு உண்டு. தந்தை வழியில்: யாருக்கும் இல்லை. நீங்கள் எழுதியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஒரு வரியை வைத்து என்னை ஆறு வருடம் பேசினீர்கள். அதற்குமேல் முடியாமல்தான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன்.

அது போகட்டும். டாக்டரிடம் அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள். அதே மருந்து அவனுக்கும் கேட்கலாம்.

குட்டியின் அம்மா


பிப்ரவரி 23

குட்டியின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். மருத்துவம் எப்போது படித்தாய்?

அக்காவுக்கு இருந்தது நரம்புத் தளர்ச்சி. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. வெளியே மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். செத்தவள் பெயரை எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டிவைக்க என்னால் முடியாது. உன் அண்ணன் பெயர் அங்கே இருக்கிறதே, போதும்.

குட்டிக்குக் காலில் கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது. வெளியே தெரிகிற வீக்கம் இது. மாத்திரையை மூன்று மூன்றாக்கியிருக்கிறேன்.

குட்டியின் அப்பா


மார்ச் 19

குட்டியின் அப்பாவுக்கு,

நீங்கள் ஏழாம் தேதி நம் கட்டட லிஃப்டுக்கு ஆயில் வாங்கப் போயிருந்த நேரத்தில் நான் வந்து, சீட்டு எழுதி வைத்துவிட்டு, குட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆறு மாடியையும் படியில்தான் இறங்கினோம். என் முழங்காலுக்காக ஒவ்வொரு மாடியிலும் நின்றான்.

டாக்டர் அந்த டப்பாவில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா முதல்ல இந்த மருந்துலதாம்மா ஆரம்பிச்சிருப்பேன்" என்றார். நெருங்கின உறவில் ஒருவருக்கு நன்றாகக் கேட்டிருந்தால் இவனுக்கும் கேட்க வாய்ப்பு அதிகமாம். நிச்சயமில்லை, ஆனால் வாய்ப்பு உண்டு. ஆரம்பிக்கும் முன் ரத்தம் மட்டும் எடுக்க வேண்டும் என்றார். முடிவு வரும்வரை மூன்று நாள் நான் சந்தோஷமாக இருந்தேன்.

சிறுநீரகம் இரண்டும் முக்கால்வாசி போய்விட்டது. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டுமாம். அவனுக்கு இனி கொடுக்க முடியாது. மற்ற மருந்துகளை இந்தப் பதினோரு வருடத்தில் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று டாக்டர் அவனையே கேட்டார்.

"காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. இப்ப மூணு மூணு. அப்பா ரொம்ப கரெக்டா குடுப்பாரு டாக்டர். ஒரு நாளும் மறந்ததில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

குட்டியை வார்டில் சேர்த்திருக்கிறார்கள். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அப்பா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் வர வேண்டாம். பழுது நோட்டை டாக்டர் பார்க்க வேண்டுமாம். நோட்டை மட்டும் அனுப்புங்கள். கடிதம் வேண்டாம்.

குட்டியின் அம்மா


ஏப்ரல் 2

குட்டியின் அம்மாவுக்கு,

பதினோரு நோட்டுகள், வருடத்துக்கு ஒன்று. கூடவே வைத்த சீட்டு என்று நினைத்துக்கொள், இது கடிதம் இல்லை.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. எனக்கு அது பழக்கமில்லை. வீக்கம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது உண்மை. பக்கத்தைக் காட்டுவேன். அந்த மாத்திரை சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று அடுத்த பக்கத்தில் இருந்திருக்கலாம். அந்தப் பக்கம் கிழிந்துபோயிருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயப்படாதே, வார்டுப் பக்கம் வரவில்லை. கீழே பதிவறையில் பழைய படிவத்தைத் திருத்த வேண்டும் என்றேன். குமாஸ்தா பழையதில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். "வேணும்னா புதுசா எழுதிக் குடுங்க பெரியவரே, பின்னால சேத்து வெக்கிறேன்." இனி எதற்கும் உதவாது என்று தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன். நகல் உனக்கு.

தாய் வழியில்: யாருக்கும் இல்லை.

தந்தை வழியில்: அத்தைக்கு உண்டு. தந்தைக்கும் உண்டு, இருபத்திரண்டு வயதில், ஐந்து மாதம்.

எடுத்துக்கொண்ட மருந்து: அக்காவின் மாத்திரையில் பாதி. அவள் உடைத்துக் கொடுத்தது.

பலன்: குணமானது.

குட்டியின் அப்பா