படிவத்தின் பதினேழாம் கேள்வி

சாஆ, ஜொகூர், மலேசியா
நவம்பர் 23, திங்கள்

அன்பு மகள் சுபத்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், மனசு நலமா என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இவ்வளவு பக்கம். அயர்லாந்துக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, இராத்திரி டியூட்டி முடிந்ததும் ஒழுங்காகத் தூங்கி நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லி முடித்துவிடுகிறாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து டவுன் சிகாமட்டில் ஆறு ஏறுகிறது என்று அப்பா வீட்டில் உட்கார்ந்துகொண்டே நேரில் பார்த்தவர் மாதிரி தினமும் சொல்கிறார். அவருக்கு முழங்கால் வலி, கொடுத்த மாத்திரையைப் போடுவதில்லை, வீட்டு டாக்டரை யார் மதிக்கிறார்கள்.

என் தலைவலி வேறு. வருஷா வருஷம் டாக்டர் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க, நோயாளி வழக்குப் போட்டால் காப்பாற்றும் இன்சூரன்ஸ் காட்ட வேண்டும் அல்லவா, இத்தனை காலம் எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி, ஒற்றை டாக்டர் கிளினிக்குகளுக்கு இனிமேல் கொடுப்பதில்லை என்று எழுதிவிட்டது. புதுக் கம்பெனி தேடி அலுத்துப்போனேன். உனக்கு மாப்பிள்ளை தேடுவதே தேவலாம் போலிருக்கிறது. ஒருத்தர் வயதைக் கேட்டதோடு சரி. இன்னொருத்தர் பிரசவம் பார்ப்பீர்களா, சுன்னத்து செய்வீர்களா, எஸ்டேட்டுக்குப் போவீர்களா என்று ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுப் பிறகு போனையே எடுக்கவில்லை. கடைசியில் உன் செல்வம் சித்தப்பாதான், அப்பாவின் சித்தி மகன், ஒரு கம்பெனியின் படிவத்தோடு வந்தார். கார், வீடு, உயிர் எல்லாமே அவரிடம்தானே எடுத்திருக்கிறோம், வெளியாளிடம் வாங்கினால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார். இருபத்திரண்டு பக்கப் படிவம். பதினாறு கேள்வி வரைக்கும் மளமளவென்று போனது. பதினேழில் நின்றுவிட்டேன். பின்னாளில் புகாராகவோ வழக்காகவோ மாறக்கூடிய சம்பவம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா, ஆம், இல்லை. இரண்டு கட்டம்.

சின்னத்தம்பியைப் பற்றிப் போனில் சொன்னேனே, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டுபவர், ஐம்பத்தொரு வயது. செப்டம்பரில் ஒரு சாயங்காலம் மேல் வயிறு எரிகிறது என்று வந்தார். அமுக்கிப் பார்த்து கேஸ்ட்ரிக் மருந்து கொடுத்து, குறையாவிட்டால் சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் விடியற்காலையில் வீட்டிலேயே போய்விட்டார். மாரடைப்பு. இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் எந்தத் துக்க வீட்டுக்கும் நான் போகாமல் இருந்ததில்லை, அன்றைக்கும் போனேன். அவர் மனைவி கிருஷ்ணம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இருபது பேர் முன்னால், "நான் இன்னும் கொஞ்சம் நல்லாப் பாத்திருக்கணும் கிருஷ்ணம்மா, என்னை மன்னிச்சிடு" என்று சொல்லிவிட்டேன். இதைக் கேட்டதும் நீ என்ன குதி குதித்தாய். "மா, உங்கள யாரு மன்னிப்புக் கேக்கச் சொன்னா, இனிமே அந்த வீட்டுப் பக்கமே போகாதீங்க" என்றாய். பழைய கம்பெனிக்கு விஷயத்தை எழுதினேன், எங்கள் அனுமதி இல்லாமல் தவற்றை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பாலிசியில் இருக்கிறது, உங்களுக்கு உதவுவதா வேண்டாமா என்று யோசிக்கிறோம் என்று பதில். துக்க வீட்டுக்குப் போகும்முன் கம்பெனியிடம் அனுமதி வாங்குவது எந்த ஊர் வழக்கம் சொல். ஆனால் இத்தனை வருஷம் பணம் கட்டியும் அந்த வரியை நான் படித்ததே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செல்வம் சித்தப்பாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "அண்ணி, கேஸும் வரல, லாயர் லெட்டரும் வரல, சும்மா நோ-ன்னு தட்டிடுங்க லா. யெஸ் போட்டா எவனும் எடுக்க மாட்டான், ஜனவரில கிளினிக்க தொறக்க முடியாது" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார், ஆனால் ஜனவரியைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் இருமல் மருந்துகூட எழுத முடியாது. அப்பாவும் அவர் சொல்கிறபடி செய் என்கிறார். நீயோ, வழக்கு வராது என்று உங்களுக்குத் தோன்றினால் இல்லை என்று போடலாம், அது உங்கள் அபிப்பிராயம்தானே என்று வக்கீல் மாதிரி பேசினாய். உன்னை டாக்டருக்குத்தானே படிக்க வைத்தோம்.

இதில் நான் செய்த கூத்தையும் கேள். கிருஷ்ணம்மா சர்க்கரை பார்க்க வழக்கம்போல் போன செவ்வாய்க்கிழமை வந்தாள். உன் பேச்சைக் கேட்டு நான் வெளியே வரவே இல்லை, அரசாங்கக் கிளினிக்குக்குப் போகச் சொல்லு என்று நர்ஸ் கஸ்தூரியிடம் சொல்லி அனுப்பினேன். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, "டாக்டரம்மாவுக்கு எம்மேல என்ன கோவம்" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாளாம். புருஷனைப் பறிகொடுத்தவள் என்னிடம் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

சுபா, நீங்கள் மூன்று பேரும் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றுதான் கேட்டீர்கள். சொன்னது உண்மையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உண்மைதான். ஈசிஜி எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. மெஷின் பக்கத்து அறையில்தான் இருந்தது. பேப்பர் தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, ஆர்டர் பண்ண மறந்திருந்தேன். மழையில் அவரைச் சிகாமட்டுக்கு விரட்ட மனசில்லாமல், கேஸ்ட்ரிக்காகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை இதுவரைக்கும் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று காலையில் ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டு, பேப்பர் தீர்ந்ததையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். சித்தப்பா அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். நாளைக் காலையில் கிருஷ்ணம்மாவை வரச் சொல்லிக் கஸ்தூரியிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் சர்க்கரை பார்ப்பேன், பிறகு கம்பெனிக்கு எழுதியதை அப்படியே அவளிடம் சொல்லப் போகிறேன். முகம் தெரியாத கம்பெனிக்காரனுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. கேட்டுவிட்டு வழக்குப் போடுவதென்றால் போடட்டும். நீ போன் பண்ணித் தடுக்க வேண்டாம் என்றுதான் கடிதமாக எழுதினேன், இது உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன்.

கைராசியோடும் நல்ல மனசோடும் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே, டியூட்டிக்குப் போனதும் முதல் வேலையாக ஈசிஜி மெஷினில் பேப்பர் இருக்கிறதா என்று பார். யாரையும் கேட்காதே, நீயே திறந்து பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேதநாயகி