சர்க்கார் வாடகை வந்த நாள்

அம்மா,

இன்று காலை சர்க்கார் வாடகை வந்தது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குக் குடோன் வாசலைக் கடந்துகொண்டிருந்தேன். இரவு முழுக்க மழை. கதவை அப்போதுதான் திறந்திருந்தார்கள். அடைபட்டுக் கிடந்த சுக்கின் காரம் ஈரக் காற்றோடு வெளியே வந்து மூக்கில் ஏறியது. உன் கார்ப்பரேஷன் சீருடையை எத்தனை முறை துவைத்தாலும் போகாமல் இருந்த அதே மணம். நின்றுவிட்டேன். அப்போதுதான் கைப்பேசி அதிர்ந்தது. அரசுக் கடன் பத்திரத்தின் அரையாண்டு வட்டி வரவு வைக்கப்பட்டது என்று வங்கியிலிருந்து செய்தி. உன் கணக்கில் முதல் தடவை எவ்வளவு வந்ததோ அதே தொகைதான் இன்று என் கணக்கிலும். பத்திரம் என் பெயருக்கு மாறிய பிறகு வந்த முதல் வாடகை இது.

அலுவலகத்தில் எனக்கு எழுத வருவது மலையாளம்தான். ஆனாலும் இதைத் தமிழில் எழுதுகிறேன். பஜாரில் பழைய பேப்பர் கட்டுகளுக்கு நடுவே கிடைத்த தமிழ் வாரப் பத்திரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, "எழுத்துக்கூட்டி வாசி, நான் கேக்கறேன்" என்று நீ என் எதிரில் உட்கார்ந்து கேட்ட தமிழ் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பணய வீடுகளில்தான் நாம் வாழ்ந்தோம். வாடகை கிடையாது. வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, பேசிய காலம் வரை குடியிருந்து, போகும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். அப்பா போன பிறகு அந்தத் தொகை ஒன்றுதான் நமக்கு இருந்த சொத்து. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்பார், வீட்டை இடிக்கப் போகிறேன் என்பார். நாம் தள்ளுவண்டியில் சாமான் ஏற்றுவோம். போகிற வீட்டைக் கடைசியாக நீ ஒரு முறை பெருக்குவாய். நாள் முழுக்க ஊரைப் பெருக்கிவிட்டு வந்தவள், விட்டுப்போகிற வீட்டை எதற்குப் பெருக்குகிறாய் என்று கேட்டிருக்கிறேன். "நாம இருந்த எடம்டி" என்பாய். பெருக்கி முடித்ததும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நிற்பாய். காசு கைக்கு வரவேண்டும், அப்புறம்தான் சாவி. அந்த ஒரு விஷயத்தில் நீ யாருக்கும் வளைந்ததில்லை.

நீ ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைப் பற்றி என்னிடம் கேட்டது எனக்கு இன்னும் ஆச்சரியம். காக்கநாட்டில் முதலீட்டுக் கணக்குகளைச் சரிபார்க்கும் அலுவலகம் ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வீட்டில் முதல் பட்டதாரி என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பட்டதாரி, வீட்டுக்கு நாலு பேர் வந்தால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். உனக்கு அது தெரியும். ஆகவே யாரும் இல்லாத ஒரு மத்தியானத்தில், மீன் கழுவிக்கொண்டே கேட்டாய்.

நான் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டேன். இந்தக் காசு எதற்கு, எப்போது வேண்டும்?

மாதச் செலவுக்குப் பென்ஷன் போதும் என்றாய். உடம்புக்கு வந்தால் கொஞ்சம் கையில் இருக்கட்டும் என்றாய். கையைக் கழுவிவிட்டு மீதியைச் சொன்னாய். "மிச்சம் உனக்கு. நான் இருந்தாலும் இல்லாட்டியும், யாரும் காலி பண்ணுன்னு சொல்லாத ஒரு வீடு உனக்கு வேணும். அது இப்போ முடியாது. எத்தன வருசம் ஆனாலும் சரி."

அதன்படி பிரித்தோம். ஒரு பங்கு குறுகிய கால வங்கி வைப்பு. ஒரு சிறு பங்கு, பல கம்பெனிப் பங்குகளை ஒன்றாக வாங்கும் நிதியில். உன் கழுத்தில் ஒரு சங்கிலி. பெரிய பங்கு நீண்ட கால அரசுக் கடன் பத்திரத்தில். சர்க்கார் நம்மிடம் கடன் வாங்குகிறது, வருடத்துக்கு இரண்டு முறை மாறாத வட்டி தரும், காலம் முடியும்போது எழுதிய தொகையை முழுதாகத் திருப்பித் தரும் என்று சொன்னேன். நீ சட்டென்று நிமிர்ந்தாய்.

"மனசிலாச்சு. பணயம்தானே. வீட்டுக்குப் பதிலா வாடகையக் கையில தராங்க."

அன்றிலிருந்து வட்டிக்கு சர்க்கார் வாடகை என்று பெயர். பத்திரத்துக்கு வீடு என்று பெயர். முதல் வாடகை வந்த நாளில் நாம் இருவரும் ஃபோர்ட் கொச்சி படகுத் துறையில் போட் ஏறி எறணாகுளம் போனோம். எந்த வேலையும் இல்லை. அக்கரையில் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டு அடுத்த போட்டில் திரும்பினோம். துறைமுகத்தில் நின்ற கப்பலைக் காட்டி, இதில் ஏறினால் எங்கே போகலாம் என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. "ஒனக்கும் தெரியாதது ஒண்ணு இருக்கே" என்று சிரித்தாய்.

பிறகு வெளியே, புதிய பத்திரங்களுக்கும் வைப்புகளுக்கும், வட்டி ஏறத் தொடங்கியது.

உன் போனில் முதலீடுகளைக் காட்டும் ஒரு ஆப்பை நான்தான் போட்டுக் கொடுத்தேன். உன் பணம் உன் கண்ணில் படட்டும் என்ற ஆசை. ஆனால் அது பத்திரத்தின் அன்றன்றைய சந்தை விலையைக் காட்டியது. நீயோ காலம் முழுக்க மிளகு விலை கேட்டு விடியும் பஜாரில் வேலை பார்த்தவள். சாயாக்கடைச் சேட்டன் பேப்பரைப் பார்த்து மிளகு என்ன, ஏலம் என்ன என்று உரக்கச் சொல்வார். காலையில் அந்தக் கடைக்குப் போகும் பழக்கத்தை ஓய்வு பெற்ற பிறகும் நீ விடவில்லை. அங்கே உட்கார்ந்து உன் பத்திரத்தின் விலையையும் பார்க்கத் தொடங்கினாய். ஒவ்வொரு வாரமும் சிவப்பு எழுத்தில் கொஞ்சம் குறைந்தது. பங்கு நிதியும் அந்த மாதங்களில் சேர்ந்தே சரிந்தது. ஒன்று சறுக்கினால் மற்றது தாங்கும் என்று நான் அலுவலகத்தில் படித்திருந்தேன். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது நீ விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாய்.

"வீடு கொறஞ்சுட்டே போகுதுடி. பணயத்துல முன்னாடியே எறங்கினாலும் முழுசாத் தருவாங்களே. சர்க்கார் ஏன் கொறைக்குது?"

பணய வீட்டில் பாதியில் போனாலும், அடுத்து வருகிறவர் கொடுக்கும் தொகை அப்படியே நம் கைக்கு வந்துவிடும். அதைத்தான் நீ இங்கேயும் எதிர்பார்த்திருக்கிறாய். பத்திரத்தில் அந்த இடம் வேறு என்பதை நாம் பேசவே இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு உன்னிடம் மட்டும்தான் வார்த்தை தடுக்காது.

நாம் ஒரு தொகை கொடுத்து ஒற்றை அறை வீட்டில் பத்து வருடத்துக்கு இருக்கிறோம் என்று வைத்துக்கொள் என்றேன். மறு வருடமே அதே தொகைக்கு வேறு வீடுகளில் இரண்டு அறை தருகிறார்கள். நீ பாதியில் போக வேண்டும், வீட்டுக்காரர் காலம் முடியாமல் காசு தரமாட்டார், உன் இடத்துக்கு வேறு ஆளை நீயே பிடிக்க வேண்டும். அந்த ஆள் நம் ஒற்றை அறைக்கு முழுத்தொகை கொடுப்பானா?

நீ யோசித்தாய். "கொடுக்கமாட்டான். கொறைச்சுக் கேப்பான்."

"இன்னும் ரெண்டு மாசம்தான் பாக்கின்னா?"

"ரெண்டு மாசந்தானேன்னு கொஞ்சமாக் கொறைப்பான். பத்து வருசமும் ஒத்த ரூம்புல கெடக்கணும்னா நல்லாக் கொறைப்பான்."

"நீ எங்கயும் போகாம, காலம் முடியற வரைக்கும் அங்கயே இருந்தா?"

"முழுக்காசும் வாங்காம சாவி தரமாட்டேன்" என்றாய். சொன்ன பிறகு உனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அலுவலகத்தில் இதைச் சொல்ல எங்களுக்குப் பெரிய பெரிய சொற்கள் இருக்கின்றன. புதிய பத்திரங்கள் கூடுதல் வட்டி தரும்போது பழைய பத்திரத்தின் விலை குறைகிறது, மீதிக் காலம் நீளமாக இருந்தால் அடியும் பெரிதாக விழுகிறது, அவ்வளவுதான். எனக்கே அது அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். உன் தம்பி. ஆட்டோ ஓட்டிச் சேர்த்த காசில் உனக்கு ஒரு கை வளையல் வாங்கிப் போட்டவர். உன்மேல் அவ்வளவு பிரியம். சாயாக்கடையில் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார். சர்க்காரை நம்பி யாராவது நட்டப்படுவார்களா, இந்தக் கடலாஸ் காகிதத்தை வித்துவிடு, பேங்கில் இப்போது இதைவிடக் கூடுதல் வட்டி தருகிறான், அங்கே போடு என்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குப் பயமாகவும் இருந்தது. நீ சரி என்று சொல்லிவிட்டால் அந்த வீடு அன்றோடு சிறுத்துவிடும்.

நீ என் பக்கம் திரும்பவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"அவ சொல்லட்டும்டா. அவகிட்டத்தான் கேட்டுப் போட்டேன்."

"படிச்ச மோளுக்கு மொதல்ல நாக்கு இருக்கான்னு பாரு அக்கா" என்றார் மாமா.

"இருக்கு. என்கூடப் பேசுவா. இன்னிக்கு உன்கூடவும் பேசுவா."

வெளியே வந்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். இப்போது விற்றால் குறைந்த விலைக்கு விற்கிறோம், அது கைக்கு வந்துவிட்ட நட்டம். பேங்க் தரும் கூடுதல் வட்டியில் அதை ஈடுகட்டவே சில வருடம் ஆகும். அந்த வைப்பு முடியும்போது என்ன வட்டி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பத்திரத்தின் வட்டி மட்டும் கடைசி வரை மாறாது. கூடுதல் வட்டியும் நமக்குக் கிடைக்காமல் போகவில்லை, குறுகிய வைப்பைப் புதுப்பிக்கும்போது அதில் வரும் என்றேன்.  நடுவில் இரண்டு முறை நின்று போனேன். நீ ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தாய்.

மாமா சாயாவைக் குடித்து முடித்தார். "எந்தோ, என்னமோ பண்ணுங்க, உங்க காசு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஆட்டோ சத்தம் தேய்ந்த பிறகு நீ என்னைப் பார்த்துத் தலையாட்டினாய். மறுநாள் நாம் அந்த ஆப்பை உன் போனிலிருந்து எடுத்துவிட்டோம். வாடகை வழக்கம்போல வந்தது. விலை குறைந்ததால் அதில் ஒரு பைசாவும் குறையவில்லை. போட்டில் போனோம்.

அதற்கு அடுத்த வாடகைக்குள் உன் கண் மஞ்சளாகிவிட்டது.

எறணாகுளம் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். மாமா வராந்தாவுக்கு என்னைக் கூப்பிட்டு, என்ன விலையானாலும் பத்திரத்தை வித்துவிடலாம்டி என்று அழுதார். வேண்டியதில்லை மாமா, வைப்பை எடுத்துவிட்டேன் என்றேன். உடம்புக்கு வந்தால் கையில் இருக்கட்டும் என்று மீன் கழுவியபடி நீ ஒதுக்கிய பங்கு அது. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அதுவே தாங்கியது. பத்திரம் அப்போது மிகக் குறைந்த விலையில் இருந்தது. வைப்பு இல்லாமல் இருந்திருந்தால் யோசிக்காமல் விற்றிருப்பேன், அம்மா. உன்னைவிட அது பெரிதில்லை. விற்கத் தேவையில்லாதபடி நீயே முன்பே செய்து வைத்திருந்தாய்.

பேச்சுக் குறைந்துவிட்ட ஒரு மாலையில் கண்ணைத் திறந்து, "வீட்டத் தொடலையே?" என்று கேட்டாய்.

"தொடலம்மா."

"மதி" என்றாய். போதும் என்று. பிறகு தூங்கிவிட்டாய்.

இப்போது வெளியே வட்டி குறைந்துவிட்டது. புதிதாகப் பணயத்துக்கு வருகிறவர்களுக்கு ஒற்றை அறைகூடக் கிடைப்பதில்லை என்று உன் மொழியில் சொல்ல வேண்டும். நம் பழைய பத்திரத்தை இன்று கேட்பவர்கள் நாம் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தரத் தயாராக இருக்கிறார்கள். வங்கி வைப்பின் வட்டிதான் இறங்கிவிட்டது. உன் மருத்துவத்துக்குச் செலவான அந்த வைப்பை என் சம்பளத்திலிருந்து மெல்ல மெல்ல நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அது காலியாக இருந்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

போன ஞாயிறு மாமா வந்திருந்தார். இரண்டு மகள்களும் மருமகனும் கூட வந்திருந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். விலை ஏறிய கதையை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "இப்ப வித்தா லாபம்டி, அக்கா இருந்தா சந்தோசப்பட்டிருப்பா" என்றார். அப்போதும் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. விற்றால் கையில் கொஞ்சம் கூடும். ஆனால் அந்தக் காசை வேறெங்கே போட்டாலும் இந்த வாடகை இனிக் கிடைக்காது. நீ சொன்ன வீட்டுக்கு இன்னும் காலமும் இருக்கிறது.

கையில் சாயாத் தட்டோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தேன். பிடித்துக்கொள்ளக் கதவு பக்கத்தில் இல்லை. தேடவும் இல்லை.

"நம்ம காலம் முடியல மாமா. முடியட்டும். முழுக்காசும் வாங்கிட்டு சாவி கொடுப்போம்" என்றேன்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நீ சாவியோடு வாசலில் நின்றதைப் பார்த்திருந்த மாமாவுக்கு மட்டும் விளங்கியது. தட்டிலிருந்து சாயாவை எடுத்துக்கொண்டு, வெகுநேரம் குடிக்காமலே வைத்திருந்தார்.

இன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் போட் ஏறப் போகிறேன், அம்மா. அந்தக் கப்பல்கள் எங்கே போகின்றன என்று இந்தத் தடவை யாரிடமாவது கேட்டுவிடுவேன். எனக்கு இப்போது கேட்க வருகிறது.

உன் மகள்