கங்காணிக்கு நண்டு

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு இல்லை. வாசல் இஸ்தோப்பில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் எழுத முழுக் காலைப்பொழுதும் போகிறது. போகட்டும். எழுபத்துமூன்று வயதில் வேறு வேலை என்ன.

டீச்சர் சொன்னது: தினமும் நாலு வரி. மனதில் இருப்பதை எழுதுங்க தாத்தா, யாரும் பார்க்க மாட்டாங்க. பிள்ளை மடுவத்தில் ஞாயிறு எழுத்து வகுப்பு. அம்மாமார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகும் சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி, முழங்கால் காது வரை வந்தது. ஆனாலும் படித்துவிட்டேன். 'ஞ' இன்னும் சரியாக வரவில்லை. மற்றதெல்லாம் வருகிறது. வருகிறது என்று எழுதுவதே எவ்வளவு நன்றாக இருக்கிறது.

மனதில் இருப்பது: கங்காணிக்கு நண்டு.

விவரமாக எழுதி வைக்கிறேன், பிறகு படித்துச் சந்தோஷப்படலாம். பேத்தி நிலானிக்கும் கங்காணியின் பேரன் சுதனுக்கும் போன வாரம் தாம்பூலம் மாற்றினோம். கங்காணி வீடு இதற்குச் சம்மதிக்கும் என்று எங்கள் லயத்து வீடுகளில் யாரும் நினைக்கவில்லை. பையன் ஒற்றைக்காலில் நின்றான். வருகிற ஞாயிறு எங்கள் வீட்டில் சம்பந்தி விருந்து.

கங்காணியிடம் முப்பது வருடம் பால் வெட்டினேன். சம்பள நாளில் என் பெருவிரலை அவரே பிடித்து மையில் அமுக்குவார். தாளில் வைப்பார். மிச்ச மையை என் சட்டையில் துடைப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். காலையில் பிரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது ராமையா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "பெருவிரல் வந்தாச்சா?" என் மகன் சேகருக்குப் பள்ளிக்கூடத்தில் பெருவிரல் மகன் என்று பெயர்.

போன வருடம் கங்காணிக்கு வாதம் அடித்தது. வலது கை தொங்கிவிட்டது. தாம்பூலத்தன்று இடது கையால் தேநீர் மட்டும் குடித்தார். இலையில் உட்காரவில்லை. "வயிறு சரியில்ல" என்றார். பொய். வீட்டில் அவருக்குக் கங்காணியம்மா ஊட்டிவிடுகிறது, வெளியில் வெட்கம். எனக்கு அப்போதே நண்டு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு கையும் இல்லாமல் நண்டு தின்ன முடியாது.

எழுதி முடித்ததும் ஒரு தடவை வாசித்தேன். மிகவும் நன்றாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

மழை. கூரை ஒழுகும் இடத்தில் வாளி.

வீட்டில் சண்டை. மருமகள் சரசு கோழி என்கிறாள். நான் நண்டு.

"மாமா, அந்த மனுசனுக்குக் கை வெளங்காது. தெரிஞ்சுகிட்டே பேசுறீங்களா?"

"மரியாதைக்கு விலை கூடின சாமான்தான் வைக்கணும். கோழி யாரு வீட்டுலயும் கெடைக்கும்."

"ஒங்க மரியாதை எனக்குத் தெரியும்."

தெரியும்தான். கெட்டிக்காரி. சேகரிடம் போனில் நான் முந்திக்கொண்டேன். நீர்கொழும்பில் ஓட்டல் சமையலறையில் வேலை. அவனுக்கும் அந்தப் பெயர் மறக்கவில்லை போலும். "பெரிய நண்டா எடுக்குறேன் அப்பா" என்றான்.

நிலானி சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, அவங்க கோவிச்சுகிட்டு எழும்பிப் போயிட்டா?"

"சாப்பாட்டுக்கு யாரு கோவிக்கிறா?"

"சுதன் எவ்வளவு கஷ்டப்பட்டு அவங்க தாத்தாவ சம்மதிக்க வச்சாருன்னு தெரியுமா?"

அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பாவமாக இருந்தது. நண்டை மாற்றும் அளவுக்கு இல்லை.

ஜூன் 14, சனி

மழை விட்டு விட்டு. சேகர் பஸ்ஸில் வந்தான். இரத்தினபுரி பஸ்ஸில் வழி முழுவதும் மடியில் நண்டு வைத்த ரெஜிபோம் பெட்டியாம். பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து போய்விட்டானாம்.

பத்து நண்டு. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிட அகலம். கொடுக்கு இரண்டையும் கயிற்றால் கட்டியிருக்கிறது. வாயில் நுரை. கண் வெளியே நீட்டிக்கொண்டு பார்க்கிறது. ஒன்று மற்றதையெல்லாம் மிதித்துக்கொண்டு மேலே ஏறி நின்றது. அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தேன்.

இங்கே எங்களுக்குத் தெரிந்தது ஓடை நண்டு. தடிமன் பிடித்தால் ரசம் வைப்பதற்கு. அதைத் தின்ன ஒரு கை போதும். இது வேறு சாதி. ஓடு கொட்டாங்கச்சி மாதிரி.

சேகர் களைத்துப்போய்ப் படுத்துவிட்டான். நண்டெல்லாம் காய்ந்து கிடக்கிறதே என்று பெரிய வாளியில் லயத்துப் பீலிக் குழாய்த் தண்ணீர் நிறையப் பிடித்துப் பத்தையும் விட்டேன். மூடி போட்டு மேலே கல் வைத்தேன். நாளை வரை சுகமாக இருக்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு. காலை

ஆறு செத்துவிட்டது.

சேகர் வாளியைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"தண்ணியில போடச் சொன்னது யாரு?"

"நண்டு தண்ணியிலதானடா இருக்கும்."

"அது ஓடை நண்டுப்பா. இது உப்புத் தண்ணியில கெடந்தது. ஈரச் சாக்க மேல போட்டு வச்சா ரெண்டு நாளு இருக்கும். வாளிக்குள்ள மூச்சு முட்டிச் செத்துப் போச்சு."

தண்ணீரில் மூச்சு முட்டுமா. முட்டுமாம். சரசு முறைத்துக்கொண்டே இரண்டு தடவை என்னைக் கடந்து போனாள்.

செத்த நண்டைச் சமைக்கக் கூடாதாம், வயிறு கெட்டுவிடுமாம். ஒன்றைக் கங்காணிக்கு வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். வயிறு கெடுவது அவர் வீட்டுக்குப் போன பிறகு. எனக்குப் பார்க்கக் கிடைக்காது. ஆறையும் வாழைக்குக் கீழே புதைத்தோம்.

மிச்சம் நாலு. கங்காணிக்கு இரண்டு, கங்காணியம்மாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று. எங்களுக்குக் குழம்பு. சரசு கோழியும் அடிக்கச் சொல்லிவிட்டாள். அடிக்கட்டும், கங்காணி பக்கம் நான் போக விட மாட்டேன்.

கொல்வதற்கு முன் ஐஸில் வைத்தால் தூங்கிவிடும், வலிக்காது என்றான் சேகர். மூன்றை அப்படிச் செய்தான். நாலாவது, மற்றதை மிதித்து நின்ற அந்தக் கங்காணி நண்டு, சாகாமல் பிழைத்திருந்தது. அதை நான் கேட்டு வாங்கினேன். முழித்திருக்கும்போதே வயிற்று மடிப்பைத் தூக்கி ஆணியை இறக்கினேன். கால் எல்லாம் ஒரு தடவை விரிந்து மடங்கியது. முகம் கழுவி வந்து இதை எழுதுகிறேன். நல்ல பசி.

சரசுவின் சமையல்: வறுத்த மிளகாய்த்தூள் கை நிறைய, மிளகு, பூண்டு, புளிப்புக்குக் கொறக்காய், வாசத்துக்கு ரம்பை. முருங்கையிலை கடைசியில். தேங்காய்த் தலைப்பால் ஊற்றும்போது சேகர் பக்கத்தில் நின்று தீயைக் குறைக்கச் சொன்னான். "ஒங்க ஓட்டல்ல போயி சொல்லுங்க" என்றாள். கொடுக்கைத் தட்டி விரிசல் வைத்தால்தான் மசாலா ஏறும் என்று சேகர் உலக்கையை எடுத்தான். கங்காணியின் இரண்டையும் தட்ட விடவில்லை. முழுசாக இருந்தால்தான் அழகு என்றேன்.

ஜூன் 16, திங்கள்

பேனாவை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் செருகி எழுதுகிறேன். எழுத்தெல்லாம் பக்கவாட்டில் போகிறது. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியாது.

நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார்கள். கங்காணி, கங்காணியம்மா, சுதன். சுதனின் அப்பா அம்மா கட்டாரில். கங்காணி வெள்ளை வேட்டி, வலது கையைச் சால்வைக்குள் மறைத்திருந்தார். நாற்காலியும் சின்ன மேசையும் அவருக்கு. மற்றவர்களுக்குப் பாய்.

சோறு. குழம்பு. இலையில் இரண்டு நண்டு வைத்தேன். நானே வைத்தேன். கொடுக்கு இரண்டும் இலைக்கு வெளியே நீட்டியிருந்தது.

நண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கடல் நண்டா?"

"நீர்கொழும்புங்க. ஒங்களுக்குன்னு எடுத்தது."

"ஓடு தடிப்பா இருக்கும் போல."

"ஆமாங்க. ரெண்டு கையும் வேணும்."

சரசு அகப்பையோடு அப்படியே நின்றாள். நிலானி கதவுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தாள். சுதன் தன் இலையில் கை வைக்கவில்லை. கங்காணியின் கழுத்தில் ஒரு நரம்பு ஏறி இறங்கியது. இதற்குத்தான் நான் முப்பது வருடம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வயிறு சரியில்லை என்று அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அது போதும்.

கங்காணியம்மா கையை நீட்டியது. கங்காணி தடுத்தார்.

"நீ சாப்புடு. சம்பந்தி வீட்டுல சம்பந்தி கையால சாப்புடுறதுதான மொற. ராமையா, இப்படி வந்து உக்காரு."

ராமையா என்றார். முதல் தடவை. அவர் வா என்றதும் என் கால் எழுந்துவிட்டது. அவர் வேலையிலிருந்து நின்றது என் காலுக்குத் தெரியவில்லை.

உலக்கையால் கொடுக்கை உடைத்தேன். ஈர்க்குச்சியால் சதையை எடுத்தேன். சோற்றில் பிசைந்து வாயில் வைத்தேன்.

"ஓடு பல்லுல படுது. சதைய மட்டும் குடு."

"சரிங்க."

"மூட்டுக்குள்ள இருக்கு பாரு, அத விட்டுட்ட. ஆழமா குத்தாத. மெல்ல."

மரத்தில் கத்தி வைக்கும்போது சொன்ன அதே வார்த்தை. ஆழமா குத்தாத, மெல்ல. முப்பது வருடம் தினமும் கேட்டது. மெல்லக் குத்தினேன்.

கங்காணியம்மா அழத் தொடங்கிவிட்டது. "ஒரு வருசமா இவரு வெளிய ஒரு வாய் சாப்புடலம்மா" என்று சரசுவிடம் சொன்னது. சரசுவும் கண்ணைத் துடைத்தாள், ஆனால் என்னை நம்பாத மாதிரி பார்த்துக்கொண்டே. சுதன் போனை எடுத்துப் படம் பிடித்தான். கங்காணி இரண்டையும் முடித்துவிட்டு மனைவியின் இலையைப் பார்த்தார். கங்காணியம்மா தன்னுடையதை எடுத்து வைத்தது. மூன்றாவது. அதையும் நான்தான் உடைத்தேன். என் வயிறு காலியாகக் கத்திக்கொண்டிருந்தது. குழம்பு வாசம் விரல் முழுவதும்.

நிலானி சந்தோஷத்தில் கங்காணிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது.

"எங்க தாத்தா இப்ப எழுதப் படிக்கப் பழகிட்டாரு தெரியுங்களா. தெனமும் டைரி எழுதுறாரு."

கங்காணி மெல்லுவதை நிறுத்தினார்.

"எழுதுறியா?"

"கொஞ்சம் கொஞ்சம்ங்க."

"எந்தக் கை?"

"இந்தக் கைதான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அடுத்த உருண்டை அந்தக் கையில்தான் இருந்தது.

வாயைத் திறந்தார். வைத்தேன். பெருவிரலைக் கடித்தார்.

தெரியாமல் படுகிற கடி இல்லை. பிடித்துக்கொண்டு விடவில்லை. அவருக்குப் பல் எல்லாம் சொந்தப் பல், முப்பத்திரண்டும் இருக்கும் போல. என் கண்ணையே பார்த்துக்கொண்டு கடித்தார். சுதனின் போன் எங்கள் பக்கம் இருந்தது. கத்த முடியாது. சிரித்தேன்.

விட்ட பிறகு மெதுவாக விழுங்கினார்.

"மன்னிச்சுக்க. பெருவிரலா அது. நண்டுன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். காயத்தில் மிளகாய். கண்ணில் தண்ணீர் வந்தது. பாசத்தில் வந்தது என்று கங்காணியம்மா நினைத்து என் தோளைத் தட்டியது.

போகும்போது வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டினார். காதுக்குப் பக்கத்தில் கேட்டார்:

"ஒனக்குப் பல்லு எத்தன இருக்கு?"

"மேல ஒண்ணு, கீழ நாலுங்க."

பிரட்டில் ஆள் கணக்கு எடுக்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். பெருவிரல் கத்தரிக்காய் நிறம். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள் சரசு. இறுக்கிக் கட்டினாள். வேண்டுமென்றே.

சுதன் எடுத்த படம் தோட்டம் முழுவதும் போய்விட்டது. அதில் நான் ஊட்டுகிறேன், சிரிக்கிறேன், அழுகிறேன். கடி தெரியவில்லை. மேல் லயத்துப் பெண்கள் இரண்டு பேர் பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். குருவிட்ட ஊர்க் கடையில் சிங்கள முதலாளி என்னைப் பார்த்து "ஹொந்த சீயா" என்றார். நல்ல தாத்தாவாம். சீனியை நிறுத்துப் போட்டுவிட்டு மேலே ஒரு பிடி சேர்த்தார். வாங்கிக்கொண்டேன்.

சேகர் பஸ் ஏறும்போது மட்டும் கேட்டான்: "கடிச்சிட்டாரு இல்ல?"

"கடிச்சிட்டாரு."

"நல்லா வேணும்" என்றான். யாரைச் சொன்னான் என்று கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

கொஞ்சம் தூறல். பேனா பெருவிரலுக்குத் திரும்பி வந்துவிட்டது. வலிக்கிறது. எழுத்து நேராக நிற்கிறது.

சுதன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மறுவிருந்து. முகமெல்லாம் சிரிப்பு. நிலானி தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு ஒரு குறையும் வராது.

"எங்க தாத்தா உங்களுக்குன்னு வீட்டுக் கெழட்டுச் சேவலப் பிடிச்சுக் கட்டி வச்சிருக்காரு" என்றான். "எத்தன வருசச் சேவல்னு அவருக்கே தெரியாது. துண்டு போடக் கூடாதாம். வேக வைக்கவும் கூடாதாம். தொடையோட முழுசா வறுத்து உங்க எலையில வைக்கணும்னு அம்மாச்சிகிட்டச் சொல்லிட்டாரு. உங்க மேல அவ்வளவு பிரியம்."

சரசு அடுப்படியில் சிரித்தாள். இந்த வாரத்தில் முதல் தடவை.

"கட்டாயம் வர்றேன்னு சொல்லு" என்றேன். "ஆனா எனக்குப் பல்லு பத்தாது. கங்காணி ஐயாதான் பிச்சு ஊட்டிவிடணும். சம்பந்தி கையால சாப்புடுறது மொறன்னு அவரே சொன்னாரு. சோத்துக் கை வெளங்காட்டி பரவாயில்ல, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். பீச்சாங்கையா இருந்தாலும் வாங்கிக்கிறேன்."

சுதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே போய்ச் சொல்கிறேன் என்றான். போனையும் கொண்டுவரச் சொன்னேன்.

அவன் போன பிறகு உப்பும் கரியும் எடுத்துப் பீலிக்குப் போனேன். மேலே ஒன்று, கீழே நாலு. ஐந்தையும் நன்றாகத் தேய்த்தேன்.