அறுபது கிலோவில் யார் முதல்

14 ஜூலை 2002, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு குத்துச்சண்டை சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். செயலாளர் பக்தவத்சலம், அப்புறம் பழைய நடுவர் திருநாவுக்கரசு. சங்கத்துக்கு வெள்ளி விழாவாம். ஒவ்வொரு எடைப் பிரிவிலும் இதுவரை வந்தவர்களில் சிறந்த ஐந்து பேரை வரிசைப்படுத்தி, பயிற்சிக்கூடத்துச் சுவரில் படம் மாட்டப் போகிறார்களாம். தாவீது அண்ணனின் போட்டோ வேண்டும். லைட்வெயிட், அறுபது கிலோ.

வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து வாதத்தை ஆரம்பித்தார்கள். கோவளம் தர்மராஜ் இரண்டு முறை மாநிலப் பட்டம் வாங்கியவர், தேசியப் போட்டியில் வெண்கலம், அவர்தான் முதல் என்றார் பக்தவத்சலம். பதக்கத்தை எண்ணாதீர்கள், யார் யாரோடு மோதினார்கள் என்று பாருங்கள், தாவீதுக்கு எதிரே வந்தவர்கள் எல்லாம் ராணுவத்து ஆட்கள், தர்மராஜுக்கு வந்தவர்கள் காலேஜ் பையன்கள் என்றார் திருநாவுக்கரசு. உச்சத்தில் இருந்த ஒரு வருஷத்தைப் பார்ப்பதா, ஆடிய மொத்தக் காலத்தையும் பார்ப்பதா? டீ இரண்டாவது முறை போட்டேன்.

அண்ணன் எதிரேதான் இருந்தான். டம்ளர் நடுங்கி டீ லுங்கியில் சிந்திக்கொண்டிருந்தது. இருவரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, தாவீதின் இடது கை மாதிரி ஒரு கை இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று தொடர்ந்தார் திருநாவுக்கரசு. சிந்திக்கொண்டிருந்ததும் அந்த இடது கைதான். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை — இல்லை.

அவர்கள் குடித்த டம்ளர்களை இரண்டு தடவை கழுவினேன்.

15 ஜூலை

காலையிலிருந்து ஒரே கேள்வி. "ஜாய்ஸு, என்னிய எத்தினாவதா போட்டாங்கோ?" இன்னும் முடிவாகவில்லை என்பேன். இட்லியை மென்று முடிப்பதற்குள் மறுபடியும் கேட்பான். அம்மா செத்தது மறந்துவிட்டது. தெருப் பேர் மறந்துவிட்டது. இது மட்டும் எப்படி நிற்கிறது?

24 ஜூலை

திருநாவுக்கரசு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கமிட்டியில் அண்ணனுக்காகப் போராடுகிறாராம். குடிகாரன் படத்தைப் பிள்ளைகள் பார்க்கிற சுவரில் எப்படி மேலே மாட்டுவது என்று பக்தவத்சலம் கேட்டாராம். "நான் வுடல டீச்சர். குடிச்சா இன்னா, ரிங்குல ஏறும்போது குடிச்சானான்னு கேட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார்.

என் அண்ணன் சாராயத்தைத் தொட்டதே இல்லை. எதிரியும் அப்படி நினைக்கிறான், பரிந்து பேசுகிறவனும் அப்படித்தான் நினைக்கிறான். அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். நம்பவில்லை. அடக்கமாகத் தலையாட்டினார், குடிகாரன் வீட்டுப் பெண்களிடம் ஆட்டுகிற மாதிரி.

4 ஆகஸ்ட், ஞாயிறு

செங்கல்பட்டில் சங்கக் கூட்டம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். தர்மராஜை முதலாவதாகவும் அண்ணனை மூன்றாவதாகவும் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஏன்? முதலோ மூன்றோ, எனக்கு என்ன?

எழுந்து நின்று பேசினேன். தொண்ணூற்றொன்றில் நடந்த ஃபைனலில் நான் முன்வரிசையில் இருந்தேன், தர்மராஜை மூன்றாவது ரவுண்டில் என் அண்ணன் கீழே தள்ளினான், நடுவர்கள் பாயிண்டைத் தூக்கி தர்மராஜுக்குக் கொடுத்தார்கள் என்றேன். அந்த ரவுண்டில் தர்மராஜின் தலையில் எத்தனை குத்து விழுந்தது தெரியுமா என்று கேட்டேன். கைதட்டினார்கள்.

பக்தவத்சலம் சிரித்தார். "தர்மராஜையே கேட்டுனு வாம்மா. தோத்தேன்னு அவனே சொல்லட்டும், மாத்திடறேன்."

திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் வரும்போது என் குரலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. தலையில் எத்தனை குத்து. அதைச் சொல்லும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். சீ.

11 ஆகஸ்ட், ஞாயிறு

ஆனாலும் கோவளம் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தர்மராஜின் மனைவி சியாமளா கதவைப் பாதிதான் திறந்தாள். அவர் தூங்குகிறார் என்றாள். நான் உள்ளே கேட்கிற மாதிரி யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவர் வெளியே வந்துவிட்டார். சட்டை மாட்டியிருந்தார், பட்டன் போடவில்லை. "யாரு?" தாவீதின் தங்கை என்றேன். முகம் மலர்ந்தது. உட்காரச் சொன்னார், அண்ணனைப் பற்றி விசாரித்தார். நான் பதில் சொல்லி முடித்ததும் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு?"

சியாமளா அவருக்குப் பட்டன் போட்டாள். மேலிருந்து கீழே, பார்க்காமலே, வேகமாக. அந்த வேகம் எனக்குத் தெரியும். தினமும் நான் போடுகிற வேகம்.

பின்கட்டுக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள். "ரயில்வேல யாருக்கும் தெரியாது டீச்சர். லீவு போட்டுனே ஓட்டினு கீறேன். தெரிஞ்சா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்கோ. வெளில சொல்லாதீங்கோ."

தெருவில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"குடின்றாங்கோ. சரி, அப்பிடியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

ஃபைனலைப் பற்றி நான் கேட்கவில்லை. அன்றைக்கு விழுந்த குத்துகளுக்குத்தான் கைதட்டு வாங்கினேன், போன ஞாயிற்றுக்கிழமை. முதல் இடத்துக்காரரும் மூன்றாம் இடத்துக்காரரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள். வரும் வழியில் முட்டுக்காட்டு போட் ஹவுஸ் விளம்பரம் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். அதைப் பார்த்தாலும் வெறுப்பாக இருந்தது. வெறுப்பு யார்மேல் போய் முட்டும் என்று தெரியவில்லை. சங்கம், கைதட்டிய ஜனம், நான்.

12 ஆகஸ்ட்

அண்ணன் கேட்டான். நீதான் முதல் என்றேன்.

"தர்மராஜு?"

இரண்டாவது என்றேன். "பாவம். மனசு கஷ்டப்படுவான்" என்றான்.

26 ஆகஸ்ட்

ஸ்டாஃப் ரூம் போனிலிருந்து சியாமளாவின் பக்கத்து வீட்டுக்குப் பேசினேன். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போகலாம் என்றேன். வேலை போய்விடும் என்று அழுதாள். வைத்துவிட்டாள்.

1 செப்டம்பர்

இன்று வெள்ளி விழா. போகவில்லை. அண்ணனுக்கு நெத்திலி வறுத்தேன்.

3 செப்டம்பர்

சியாமளாவே பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணினாள். விழாவில் தர்மராஜை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். நன்றி என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் வரவில்லை. கீழே சிரித்தார்களாம். காலையிலேயே ஏத்திட்டான் பாரு என்று யாரோ சொன்னது இவள் காதிலேயே விழுந்திருக்கிறது. பக்தவத்சலம் அவசரமாகப் பொன்னாடையைப் போர்த்தி இறக்கிவிட்டாராம்.

"எந்தத் தேதில போலாம் டீச்சர்?" என்றாள்.

10 செப்டம்பர், செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. காலை முழுக்க இரண்டு பேரும் ஒரே பெஞ்சில். பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு தொண்ணூற்றொன்று ஃபைனல். தான்தான் ஜெயித்ததாகத் தர்மராஜ். அன்றைக்கு மழை, ஆட்டமே நடக்கவில்லை என்று அண்ணன். கோபமே இல்லாமல் வாதாடினார்கள். சியாமளா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த ஓ.பி. சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். எத்தனை வருஷம் ரிங்கில் இருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். குடி இல்லை, தலையில் பட்ட அடிதான் என்றாள். சரியாகாது, இன்னும் மோசமாகாமல் முடிந்தவரை பார்க்கலாம், மாதா மாதம் வாருங்கள். ரயில்வேக்கு ஒரு சர்டிபிகேட் தருகிறேன், வேறு லேசான வேலை கேட்டுப் பாருங்கள் என்றாள். சியாமளா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது மகாபலிபுரம் பஸ். கோவளத்தில் இறங்கும்போது தர்மராஜ் படியில் தடுமாறினார். பட்டப்பகலிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்று கண்டக்டர் முணுமுணுத்தார். சியாமளா தரையில் இறங்கி, திரும்பி நின்றாள்.

"குடிக்கலண்ணா. என் வூட்டுக்காரரு பாக்ஸரு. தலைல அடி வாங்கி இப்பிடி ஆய்ட்டாரு."

கத்தவில்லை. ஆனால் பஸ் முழுக்கக் கேட்டது.

அவர் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து கூட்டிப்போனாள். அவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை கண்டக்டர் விசில் ஊதவில்லை.