சம்பந்தியம்மா கழுவும் பிரஷ்

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பாவுக்கு முழங்காலைத் தவிர எல்லாம் நலம், எனக்கு மனசைத் தவிர எல்லாம் நலம். என்னம்மா இது, நேற்றுத்தானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேச எனக்கும் ஆசைதான். நீ போனை எடுத்த உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாயே, நான் “கண்ணு” என்று வாயைத் திறந்தால் அந்தப் பக்கம் “சொல்லுங்க சம்பந்தி” என்று உன் மாமியார் குரல் வருகிறது. பிறகு நான் என்னத்தைச் சொல்ல, வெயில் எப்படி மழை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. அதனால் இதைத் தனியாக உட்கார்ந்து படி, அவங்க எதிரில் வாய்விட்டுப் படிக்கக் கூடாது, என் மேல் சத்தியம்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த பிரஷ் கம்பெனிக்காரர்கள் குறைந்த விலை மேக்கப் பிரஷ் செட் ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள், அம்மாவுக்கு மகள் மேக்கப் போடுகிற மாதிரி மாதக் கடைசியில் ஒரு வீடியோ எடுத்துத் தரச் சொல்கிறார்கள் என்று போனவாரம் சொன்னாய். நான் இங்கே சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த மூச்சிலேயே, “நீதான் அவ்வளவு தூரத்துல இருக்கியே, அத்தையையே உட்கார வெச்சு அம்மான்னு சொல்லிக்கறேன், உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா” என்றாய். ஸ்பீக்கரில் அவங்களும் இருக்கிறார்கள், நான் என்ன சொல்ல முடியும். “எனக்கென்ன, தாராளமா பண்ணு” என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். அந்தத் தாராளம் பொய். எனக்கு ஒண்ணும் இல்லை என்பதும் பொய். எனக்கு வயிறு எரிகிறது, அப்பட்டமாகச் சொல்கிறேன், பொறாமைதான், வேறு பெயர் வைத்து அழைக்க எனக்கு இஷ்டமில்லை. அன்றைக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

உன் வீடியோ ஒன்றையும் நான் விடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் நீ உன் முகத்திலேயே போட்டுக் காட்டுவாய், எனக்கும் உன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்த மாதிரி இருக்கும். இப்போது நாற்காலியில் அவங்க. நீ அவங்க தாடையை ரெண்டு விரலால் பிடித்து லேசாகத் தூக்குகிறாய், கண்ணை மூடுங்க என்கிறாய், அவங்களும் குழந்தை மாதிரி மூடிக்கொள்கிறார்கள். அந்தப் பிடி யாருடையது? பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று நீ துள்ள, உன்னைப் பிடித்து நிறுத்தித் தலை வாரின என் பிடி அது. என்னிடம் கற்றுக்கொண்டு போய் அவங்க தாடையில் வைத்திருக்கிறாய். போதாததற்கு வீடியோ முடிவில் பிரஷ்ஷெல்லாம் அவங்கதான் கழுவுகிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீராம், ஒரு சொட்டு குழந்தை ஷாம்புவாம், உள்ளங்கையில் வட்டமாகத் தேய்ப்பதாம், முடி கீழே பார்க்கப் பிடிப்பதாம், துண்டில் ஒற்றி மேஜை ஓரத்தில் முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வரிசையாகப் படுக்க வைப்பதாம். நீ பக்கத்தில் நின்று “எங்க அம்மா கழுவினா புது பிரஷ் மாதிரி ஆயிடும்” என்கிறாய். எங்க அம்மாவா? நான் வேலை பார்க்கிற பல் கிளினிக்கில் சீட்டு எழுதுகிற பெண்ணும் உன் வீடியோவைப் பார்க்கிறவள். “அக்கா, உங்க பொண்ணோட அம்மா எவ்ளோ பொறுமையா கழுவறாங்க பாருங்க” என்று என்னிடமே போனை நீட்டினாள். அப்போ நான் யாரடி என்று கேட்டேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கழுவுவதற்கு எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? பல் டாக்டரிடம் கருவிகளைக் கழுவிக் கழுவித்தானே உன்னைப் படிக்க வைத்தேன். ஒரு கிருமி தப்பியது உண்டா என் கையிலிருந்து? சரி, நாமும் பார்த்துவிடுவோம் என்று கடைத்தெரு ஃபேன்சி ஸ்டோருக்குப் போய், இருப்பதிலேயே மலிவான பிரஷ் செட் ஒன்றை வாங்கிவந்தேன். நீ சொல்கிற மாதிரியே புறங்கையில் தேய்த்துப் பார்த்தேன், முடியை இழுத்துப் பார்த்தேன், மூக்கில் வைத்து மோந்தும் பார்த்தேன். பவுடர் போடுகிற குண்டு பிரஷ் நன்றாகவே இருந்தது, பூனை வாலைத் தொட்ட மாதிரி மெத்தென்று. கிரீம் தடவுகிற தட்டை பிரஷ் சுமார், தொட்டால் ரெண்டு முடி கையோடு வந்தது. கண்ணுக்குப் போடுகிறதைப் பற்றிக் கேட்காதே, பாத்திரம் விளக்கலாம். போட்டுப் பார்க்க முகம் வேண்டுமே, அப்பாவை உட்கார வைத்தேன். மனுஷன் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, நான் பாட்டுக்கு ஒரு கன்னத்தில் ரோஸ் பவுடரைத் தீட்டி முடித்து மறு கன்னத்துக்கு வருவதற்குள் பேங்க் மூடிவிடும் என்று எழுந்து ஓடிவிட்டார். ஒற்றைக் கன்னம் சிவக்க பேங்குக்குப் போனவரை அங்கே இருந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். மேனேஜர் எழுந்து வந்து, “என்ன சார், யாராவது அடிச்சுட்டாங்களா” என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நான் சிரித்துச் சிரித்து ஓய்ந்தேன். ஆனால் பார், அவர் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. ஒருத்தர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் அவர் மேல் ஒரு பாசம் தானாக வந்துவிடுகிறது. எனக்கு அப்பா மேலேயே வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள். நீ அவங்க முகத்தை எத்தனை நாளாக அப்படிக் கிட்டத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்த பிறகுதான் இன்னும் பயந்துபோனேன்.

இனிமேல் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே. பிரஷ்ஷைக் கழுவ வேண்டும், சம்பந்தியம்மா கழுவுவதைவிடச் சுத்தமாகக் கழுவ வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஷாம்புவில் என்ன கிருமி சாகும்? முகத்தில் படுகிற சாமான், கண்ணுக்குப் பக்கத்தில் போகிற சாமான். பேசாமல் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். கருவிகளை ஆவியில் வைக்கிற அந்தப் பெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும், குக்கருக்குக் கதவு வைத்த மாதிரி இருக்கிறது என்று நீ சிரிப்பாயே, அதுதான். டாக்டரம்மா ஒரு பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து பிரஷ்ஷையெல்லாம் தட்டில் அடுக்கி உள்ளே வைத்துக் கதவை மூடிவிட்டேன். இரும்புக் கருவி தாங்குகிற சூட்டை மலிவு பிளாஸ்டிக் தாங்குமா என்று என் மூளைக்கு உறைக்கவே இல்லை, பொறாமை மூளையை மறைத்துக்கொண்டு நின்றது. கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு நாற்றம். பிடியெல்லாம் உருகித் தட்டோடு தட்டாக ஒட்டிக்கொண்டு, பசை விட்டுப்போய், முடியெல்லாம் சுருண்டு தண்ணீர் போகிற குழாயை அடைத்துக்கொண்டு, மெஷின் செத்த மாடு மாதிரி கிடந்தது. டாக்டரம்மா கையுறையோடு ஓடிவந்தார்கள். “இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லையே, என்னத்தை வெச்சீங்க உள்ள?” என்றார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. “என் பொண்ணோட மாமியாரைவிடச் சுத்தமா பிரஷ் கழுவணும்னு நெனச்சேன் டாக்டர்” என்றேன். டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த ஆள் பாவம், என்னவோ ஏதோ என்று மிரண்டுபோய்விட்டார்.

மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது. அது இல்லாமல் ஒரு பல்லையும் தொட முடியாது என்று கிளினிக்கை மூடிவிட்டார்கள், அதோடு சுவருக்கும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். “கிளினிக்கை விட்டு வர முடியாதுன்னுதானே பொண்ணைப் பார்க்கப் போகாம இருந்தீங்க, இப்ப கிளினிக்கே இல்ல, கிளம்புங்க” என்றார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மனுஷன் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு டிராவல்ஸ் ஆபீசுக்கு நடந்தே போய் டிக்கெட் போட்டுவிட்டு வந்தார். நீ போன தடவை வாங்கிக் கொடுத்த விசா இன்னும் செல்லுமாம். “எனக்குச் சமைச்சுக்கத் தெரியும், நீ போய் உன் நாற்காலியில உட்காரு, இல்லாட்டி அடுத்து எனக்கு லிப்ஸ்டிக் போட்டுடுவ” என்கிறார். ஆகவே மகளே, நான் வருகிறேன். வீடியோ எடுக்கிற நாளுக்கு முந்தின வாரமே வந்து இறங்கிவிடுவேன். அந்த நாற்காலி எனக்கு.

உன் மாமியார் மேல் எனக்குக் கோபமா என்று கேட்டால், அதுதான் கொடுமையே, கோபப்பட ஒரு காரணமும் கிடைக்க மாட்டேன் என்கிறது. அவங்க சிடுசிடு என்று இருந்திருந்தால் நான் பாட்டுக்கு நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். முந்தாநாள் அவங்களே எனக்குத் தனியாகப் போன் பண்ணினார்கள், உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். “எனக்கு ரெண்டும் பையனுங்க, என் முகத்தை யாரு இப்படித் தொட்டிருக்காங்க, உங்க பொண்ணு கை பட்டா எனக்குத் தூக்கமே வந்துடுதுங்க” என்றார்கள். அவங்க நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கோ அந்தக் கை என் முகத்தில் பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்ற நினைப்புதான் வந்தது. “அவ கை அப்படித்தாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். நல்ல மனுஷி மேல் பொறாமைப்படுவது போல ஒரு கஷ்டம் வேறு கிடையாது.

ஒன்று மட்டும் எனக்கு ஆறுதல். அவங்களிடம் “எடுங்க, குடுங்க, உட்காருங்க” என்று மரியாதையாகப் பேசுகிறாய். என்னிடம் மட்டும்தான் “போம்மா, சும்மா இரும்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது” என்கிறாய். வீடியோவிலும் அப்படியே பேசு, கம்பெனிக்காரர்கள் என்ன நினைத்தாலும் சரி. என் கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, பார்த்துவிட்டு அதட்டு, எனக்கு ஆனந்தம். அப்புறம் சொல்கிறேன், ஒருத்தர் முகத்தில் போட்ட பிரஷ்ஷைக் கழுவாமல் உன் முகத்தில் வைக்காதே, கண்ணில் ஏதாவது வந்து தொலைக்கும். முடி உதிர்கிற பிரஷ்ஷை மலிவுதானே என்று வைத்துக்கொண்டிருக்காமல் தூக்கிப் போடு. குனிந்து குனிந்து வேலை செய்து கழுத்து வலிக்கிறது என்றாயே, உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவங்களையும் கேட்டதாகச் சொல், நிஜமாகத்தான் சொல்கிறேன். வீடியோ எடுக்கிற அன்றைக்கு பிரஷ்ஷை அவங்களே கழுவட்டும், என்னைவிட நன்றாகத்தான் கழுவுகிறார்கள், பக்கத்தில் நின்று நான் துண்டு பிடித்துக்கொள்கிறேன். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் கை பட்ட முகமெல்லாம் மலர வேண்டும்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அவங்களை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். பெண் இல்லாதவங்க, அவங்களுக்கும் ஆசை இருக்கும். நான் திரும்பி வந்த பிறகு நீ எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள், இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. நான் அங்கே இருக்கிற நாளில் மட்டும் அவங்களை அத்தை என்று கூப்பிடு. அந்த வீட்டில் நீ “அம்மா” என்று குரல் கொடுத்தால் நான் ஒருத்திதான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா