கொடுத்த கைப்பேசி காட்டிக்கொடுப்பது குறித்து

அனுப்புநர்:
அலுமிதா ரோகோவாடா,
வேதியியல் ஆசிரியை,
நௌசோரி, ஃபிஜி.
(தொலைபேசி எண்ணை எழுதாமல் விட்டிருக்கிறேன். காரணம் கீழே விளங்கும்.)

பெறுநர்:
தனியுரிமைக் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
சுவா.

பொருள்: நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெற்ற என் தங்கை இருக்குமிடத்தை, அவள் முன்பு மாமியாருக்குக் கொடுத்த கைப்பேசி வழியாக அவள் கணவர் அறிந்துகொண்டது, அவர் புறப்படுமுன் தடுக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

தன் விரலாலேயே "ஆம்" என்று அழுத்திய ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தது யார்? இந்த மனுவை எழுத உட்கார்ந்ததும் எழுந்த முதல் கேள்வி இதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. காவல் நிலையத்திலும் கைப்பேசிக் கடையிலும் "அவளேதான்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஏற்காததற்கான காரணங்களைத் தங்கள் முன் வைக்கிறேன்.

1. என் தங்கை டோரிகா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தவள். கணவர் பெனாயாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஆறு வயதில் லோசலினி என்று ஒரு மகள். மணமான பிறகு மாமியார் வசேமாதாவின் வீட்டில்தான் குடியிருந்தார்கள். டோரிகா புதுக் கைப்பேசி வாங்கியபோது மாமியார் பழையதைக் கேட்டார். அவளும் கொடுத்தாள்.

2. கைப்பேசியைப் பிறருக்குத் தருமுன் அதிலுள்ள அனைத்தையும் அழித்துவிட வேண்டும் என்று தங்கள் துண்டறிக்கை கூறுகிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் அதை எழுதியவர் எங்கள் வீடுகளில் தங்கியவர் அல்லர் என்று தோன்றுகிறது. உறவில் ஒருவர் கெரேகெரே, அதாவது 'கொடுத்து உதவு' என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் நாங்கள் மறுப்பதில்லை. கொடுப்பதை உள்ளது உள்ளபடி கொடுக்கிறோம். அழித்துவிட்டுக் கொடுப்பது, அடுப்பிலிருக்கும் பானையைக் கேட்டவருக்குக் கிழங்கை எடுத்துக்கொண்டு வெறும் பானையை நீட்டுவது போலாகும். ஆகவே டோரிகாவின் கணக்கு அந்தக் கைப்பேசியில் அப்படியே இருந்தது. பிறகு ஒருநாள் அவளுடைய புதுக் கைப்பேசி, "பழைய கருவியைத் தொடர்ந்து நம்புகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறது. அவள் "ஆம்" என்று அழுத்தினாள். ஏன் என்று நான் கேட்டபோது அவள் சொன்னது இது: "அக்கா, அது அத்தை கையில இருக்குற போன். நான் 'நம்பலை'ன்னு அழுத்தி, அது நேரா அவங்க போன்ல போய் நின்னா என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவேன்?" இந்த விடையில் அறியாமையைவிட மரியாதையே அதிகம் என்பது என் கருத்து.

3. பெனாயா அவளை அடிப்பவர். முதல் முறை அவள் மகளுடன் எங்கள் தாய்மாமன் வீட்டுக்குப் போனபோது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பெனாயா எங்கும் தேடி அலையவும் இல்லை. இரண்டு பெரியவர்களோடு, திமிங்கிலப் பல்லை எடுத்துக்கொண்டு நேராக அந்த வாசலுக்கு வந்தார். பாயில் பல்லை வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் அதன்பின் மறுப்பது எவ்வளவு கடினம் என்பது தாங்கள் அறிந்ததே. வீட்டுப் பெரியவர் அதைக் கையில் வாங்கிய கணத்தில் நடந்ததெல்லாம் புதைக்கப்பட்டதாகக் கணக்கு. டோரிகாவின் சம்மதம் அதில் கேட்கப்படுவதில்லை. மாமன் வாங்கினார். அவள் திரும்பிப் போனாள். மழைக்காலம் முடியுமுன் அவள் தாடை எலும்பு முறிந்தது. வீட்டைக் கண்டுபிடித்தது எப்படி என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. உறவினர் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று எண்ணி, ஆளுக்கொருவரைச் சந்தேகித்துப் பேச்சை நிறுத்தினோம். சிலரோடு இன்னும் பேச்சில்லை.

4. அதன் பின்னரே நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை வழங்கியது. பெனாயா அவளை நெருங்கக் கூடாது, தொடர்புகொள்ளவும் கூடாது. டோரிகா வேறொரு தீவில், எங்கள் அத்தை மகள் கெலெரா வீட்டுக்குப் போனாள். தீவின் பெயரை இங்கே எழுதவில்லை. கெலெராவின் கணவர் இசோவா நல்ல மனிதர். ஆனால் மரபை மீறிப் பழக்கமில்லாதவர். அவர் முன்னால் பல் வைக்கப்பட்டால் என்ன செய்வார் என்று அவரே அறியமாட்டார்.

5. கடந்த ஞாயிறு வழிபாடு முடிந்து வெளியே வரும்போது வசேமாதா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது. "மகளே, உன் தங்கச்சிக்கு என் மேல கோவம் இல்லைன்னு எனக்குத் தெரியும். நாள் தவறாம புள்ள படத்தை அனுப்பிடுறாளே! நேத்து பாரு, முன்பல்லு ரெண்டும் விழுந்து நிக்குது. எனக்கும் அவளுக்கும் இப்ப ஒரே வாய்" என்று சொல்லிச் சிரித்தார். டோரிகா யாருக்கும் படம் அனுப்பியவள் அல்லள். அவள் எடுக்கும் படமெல்லாம் தானாகவே பழைய கைப்பேசிக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எந்த இடத்தில் எடுத்த படம் என்பதும் சேர்ந்தே போயிருக்கிறது. "அடியில ஊர் பேரு போட்டிருக்கே, எனக்கு எங்க கண்ணு தெரியுது? பெனாயாதான் படிச்சுச் சொன்னான்" என்றார். அந்த அம்மாள் மீது எனக்குக் குறையில்லை. பேத்தியைக் காண்பதில் அவருக்கிருந்த மகிழ்ச்சி பொய்யானதன்று.

6. அன்றே கெலெராவின் தொலைபேசியில் டோரிகாவை அழைத்து, அந்தக் கருவியைக் கணக்கிலிருந்து நீக்கச் சொன்னேன். "குடுத்ததைத் திரும்பப் பிடுங்கச் சொல்றியா? அவங்க புள்ளயைப் பாக்குறதே அதுலதான்" என்று முதலில் தயங்கினாள். பிறகு முயன்றாள். நீக்க முயல்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்று உறுதிசெய்ய, அந்தக் கணக்கு ஒரு கேள்வி கேட்கிறது. "இது நீங்கள்தானா?" என்னும் அக்கேள்வி போய் நின்றது நம்பிக்கைக்குரியது என்று அவளே ஒப்புக்கொண்ட பழைய கைப்பேசியில். பெனாயா அதைப் பார்த்து "இல்லை" என்று அழுத்தினார். டோரிகா தன் கணக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டாள். இயந்திரத்தின் பார்வையில் இப்போது திருட வந்தவள் அவள்தான், காப்பாற்றியவர் அவர். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

7. அவள் தன் கைப்பேசியை உடனே அணைத்துவிட்டாள். பயனில்லை. கடைசியாக அது இருந்த இடம் வரைபடத்தில் நிற்கிறது. அவர் அதை முன்பே பார்த்தும் விட்டார். மறுநாள் காலை வசேமாதா என்னைத் தொலைபேசியில் அழைத்து, "கவலைப்படாதே மகளே, எல்லாம் நல்லபடியா முடியப்போகுது. இந்த வாரக் கப்பல்ல பெரியவங்களோட போறான். பல்லும் நல்லதாப் பாத்துக் கொண்டுவந்திருக்கான்" என்று தெரிவித்தார். அவருக்கு இது நற்செய்தி.

8. உடனே எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனேன். பணியிலிருந்த காவலரின் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் கேலிமுறை உண்டு. "அடடா, அந்த ஊரா? உங்க ஆளுங்களுக்கு மீனையே ஒழுங்கா மறைக்கத் தெரியாதே, பொண்ணை எங்க மறைச்சீங்க?" என்று தொடங்கினார். நானும் வழக்கப்படி ஒன்று திருப்பிச் சொன்னேன். அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் நான் கொண்டுபோன செய்தி, ஊர்க் கேலியின் பாதியில் எங்கோ விழுந்துவிட்டது. இறுதியில் அவர் சொன்னதன் சுருக்கம்: "அவர் வீட்டுக்குள்ள உக்காந்து அவங்க அம்மா போனைப் பாத்திருக்காரு. அதுல குத்தம் எங்க டீச்சர்? ஆணை நெருங்கக் கூடாதுன்னுதான் சொல்லுது, பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே. நெருங்கினா வாங்க." நெருங்கிய பிறகு வர என் தங்கையால் முடியுமா என்று கேட்டேன். அவர் அடுத்து நின்றவரை அழைத்தார். புகார் எழுதப்படவில்லை.

9. கைப்பேசிக் கடைப் பெண் பொறுமையாகக் கேட்டார். கணக்கை மீட்க அந்தப் பழைய கைப்பேசியைக் கொண்டுவரும்படி சொன்னார். "இல்லேன்னா அதை வச்சிருக்குறவங்களை ஒருவாட்டி 'ஆம்' அழுத்தச் சொல்லுங்கக்கா, ஒரு நிமிச வேலை" என்றார்.

10. தங்கள் அலுவலக இணையதளத்தில் புகாரளிக்க எங்கள் ஆசிரியர் அறைக் கணினியில் முயன்றேன். நான் இருக்குமிடத்தை அறிய அது அனுமதி கேட்டது. "இல்லை" என்றதும் பக்கம் மேற்கொண்டு நகரவில்லை. அதே கணினியில், டோரிகாவை வேறெங்காவது மாற்ற முடியுமா என்று முன்பே கப்பல் நேரங்களைத் தேடியிருந்தேன். இப்போது யார் எதைத் திறந்தாலும் ஓரத்தில் அந்தத் தீவுக்குச் செல்லும் கப்பலின் விளம்பரம் வருகிறது. "என்ன அலுமிதா, யாரு கிட்டயும் சொல்லாம எங்க கிளம்புறீங்க? நீங்க வாயைத் திறக்காட்டி என்ன, கம்ப்யூட்டர் சொல்லிடுதே!" என்று சக ஆசிரியை எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அவருடைய தம்பிக்கும் துறைமுகத்தில்தான் வேலை. உலாவியில் அந்தத் தேடல்களை அழித்தேன். விளம்பரம் அழியவில்லை. ஆகவேதான் இம்மனுவைக் கையால் எழுதுகிறேன்.

11. அவளை உடனே வேறிடம் அனுப்பலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். லோசலினிக்குக் காய்ச்சல். அத்துடன், எங்களுக்கு வீடென்றால் உறவினர் வீடுதான். உறவினர் வீடுகள் எவையென்று அறியப் பெனாயாவுக்கு வரைபடமே தேவையில்லை. அவர் எங்கள் திருமணங்களில் சமைத்தவர், எங்கள் சாவுகளில் குழி வெட்டியவர்.

12. நான் எளிதில் நம்பிக்கை வைப்பவள் அல்லேன். தங்கள் அலுவலகத்திடமிருந்தும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் தாங்கள் மட்டுமே செய்யக்கூடியவை சில உள்ளன. ஒருவர் இருக்குமிடத்தைக் கைப்பேசி வழியே தொடர்ந்து பார்ப்பதும் நெருங்குவதே என்று காவல்துறைக்கு இன்றே எழுத வேண்டும். அதன்பேரில் பெனாயா கப்பல் ஏறுமுன் அவரைத் தடுத்து நிறுத்தச் செய்ய வேண்டும். என் தங்கை தன் கணக்கை மீட்க, அவரது "ஆம்" தேவைப்படாத வழியொன்றை அக்கணக்கை நடத்தும் நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றுத்தர வேண்டும். கைப்பேசியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வீடுகளில் என்ன செய்வது என்பதைத் துண்டறிக்கையின் அடுத்த பதிப்பில் எங்கள் மொழியில் எழுத வேண்டும். கடைசிக் கோரிக்கை டோரிகாவுக்கு உதவாது. வேறு யாருக்காவது உதவட்டும்.

இந்தத் தாள் தங்கள் மேசைக்கு வரும்போது காலம் கடந்திருக்கலாம் என்பதை அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

இடம்: நௌசோரி
நாள்: 11.03.2025

இங்ஙனம்,
அலுமிதா ரோகோவாடா

இணைப்பு — 12.03.2025

மேற்கண்டதை உறையிலிட்டு, இன்று பள்ளி முடிந்ததும் நேரில் தர எண்ணியிருந்தேன். நண்பகலில் கெலெரா அழைத்தார். கப்பல் காலையிலேயே கரை சேர்ந்துவிட்டது. பெனாயாவும் இரண்டு பெரியவர்களும் வண்டி வைத்துக்கொண்டு, வழியில் யாரையும் விசாரிக்காமல் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் டோரிகா காய்ச்சலோடிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு பின்புறத் தோட்டத்தின் வழியாகப் போய்விட்டாள். துணிமணி எதையும் எடுக்கவில்லை. கைப்பேசியைப் படுக்கையிலேயே விட்டிருந்தாள்.

பல் பாயில் வைக்கப்பட்டது. இசோவா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று கெலெரா சொன்னார். "பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு, தொடாதே மனுசா, தொடாதேன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன். கடைசியில முறைப்படி கையைத் தட்டி, பல்லை எடுத்துட்டாரு, அலுமிதா. எடுத்துட்டு அழுதாரு." மரபுப்படி எல்லாம் புதைக்கப்பட்டாயிற்று. அழைத்துப் போகத்தான் ஆள் இல்லை. மாலைவரை தோட்டத்திலும் கடற்கரையிலும் தேடியதாகக் கெலெரா மறுபடி அழைத்துச் சொன்னார்.

என் கோரிக்கைகள் எதையும் நான் மாற்றவில்லை. அவற்றுள் ஒன்றின் நேரம் மட்டும் கடந்துவிட்டது.

அந்தி நேரத்தில் பெனாயா என்னை அழைத்தார். பணிவாகவே பேசினார். "அண்ணி, பல்லை வாங்கிட்டாங்க, இனிமே என்ன? புள்ளைக்கு ஒடம்பு சரியில்லைங்கிறாங்க. எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

தெரியாது என்றேன். இந்தப் பதிலை அவரிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். முன்பெல்லாம் அது பொய்.

அ. ரோ.