நடக்கக்கூடியவர்கள்

ஸங்காப் கணவாய்,
9 ஏப்ரல் 1985

என் தங்கை டாக்டர் ஒதீலுக்கு,

சலாம். நீ என் வயிற்றில் போட்ட தையல் பிரியவில்லை. குதிரை ஏறிவிட்டேன், திட்டாதே. "தளபதின்னா அது வெளியில! இங்க வாய மூடிப் படுங்க" என்று நீ அதட்டியதை என் போராளிகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கூடப் பிறந்தவள்கூட என்னை அப்படி அதட்டியதில்லை.

பிரான்ஸிலிருந்து வந்து எங்கள் குகையில் வைத்தியம் பார்க்கிறாய். உன்னை மருந்தில்லாமல் தவிக்க விடுவேனா? வழி செய்கிறேன். இப்போதைக்கு உலர்ந்த மல்பெரி அனுப்பியிருக்கிறேன்.

உன்னிடம் காயத்தோடு கிடக்கும் எதிரிகள், காபூல் அரசுச் சிப்பாய்கள், நடக்கிறார்களா? அனுப்பு. அவர்களைக் கொடுத்து எங்கள் கைதிகளை மீட்கிறேன்.

அண்ணன்,
ஸமராய்


குகை ஆஸ்பத்திரி,
14 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

குதிரையா? அடுத்த முறை கோணி ஊசியால்தான் தைப்பேன்.

நடக்கக்கூடிய நால்வரை அனுப்புகிறேன். அவர்களில் ஃபிதா என்பவன், "அக்கா, அந்த ஆளு எங்கள உயிரோட விடுவாரா?" என்று கேட்டான். "அவரு எனக்கு அண்ணன்டா, பயப்படாமப் போ" என்றேன். பத்திரம்.

தங்கை,
ஒதீல்


ஸங்காப்,
23 ஏப்ரல்

தங்கைக்கு,

நல்ல சேதி. மலைப்பாதை திறந்துவிட்டது. நாளையே மருந்துப் பெட்டிகள் உன்னிடம் வந்துவிடும்.

கைதி மாற்றப் பேச்சு படியவில்லை. பாதை முழுக்கக் கண்ணிவெடி; புதைத்தது காபூல் படைதானே? அந்த நால்வரையே முன்னால் நடக்கவிட்டேன். என் பிள்ளைகளையா அனுப்புவேன்? உன் ஃபிதாதான் அதிக தூரம் போனான். நன்றாகக் குணப்படுத்தியிருக்கிறாய்.

சந்தோஷம்தானே?

அண்ணன்,
ஸமராய்


குகை ஆஸ்பத்திரி,
25 ஏப்ரல்

தளபதிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இரக்கமில்லாத ஆட்களை இந்தப் போரில் நிறையப் பார்த்துவிட்டேன். செய்ததை எனக்குச் சீர் வரிசைபோல் அனுப்பிவைத்தது நீங்கள் ஒருவர்தான்.

பெட்டிகளைப் பள்ளத்தில் உருட்டிவிடச் சொன்னேன். அதற்குள் காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியைத் தூக்கி வந்தார்கள். ஒரு பெட்டியை உடைத்தேன். ஊசி போட்டேன். பிழைத்துக்கொண்டாள். அவள் தாய் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "தொடாதம்மா, தொடாத!" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனாள்.

குண்டடிபட்டு வந்தால் உங்களுக்கும் வைத்தியம் பார்ப்பேன். தங்கை என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் நான்கு பேர் நடந்து வந்தார்கள்.

டாக்டர் ஒதீல் மார்ஷான்